சென்னை – மைசூரு – பந்திப்பூர் – முதுமலை – ஊட்டி: குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறு நாள், சுமார் 1,300 கி.மீ., ஒரு அரண்மனை நகரம், ஒட்டிக்கிடக்கும் இரண்டு புலிகள் காப்பகங்கள், ஒரு மலை நகரம். பள்ளி விடுமுறையில் சென்னைக் குடும்பங்கள் அதிகம் போடும் சுற்று இது. இந்தப் பாதையில் சோதனைச்சாவடி மூடும் நேரமும் மலைப்பாதை விதிகளும்தான் உங்கள் நேரத்தைத் தீர்மானிக்கும். ஓட்டல் பதிவு செய்யும் முன் அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஊட்டியா, முதலில் மைசூரா?

மைசூருதான். காரணம், முதுமலையை ஒட்டிய மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவே உள்ள கல்லட்டி மலைப்பாதை. முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காட்டிலிருந்து ஊட்டிக்கு இந்த வழியாக 36 கி.மீ.; கூடலூர் சுற்றிப் போனால் 67 கி.மீ. கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் மேலே ஏறலாம், இறங்கக் கூடாது. ஊட்டிப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைப் பார்ப்பார்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளால் வந்த தடை இது.

ஊட்டியை முதலில் வைத்தால், "அரைமணியில் மசினகுடி" என்று ஜிபிஎஸ் காட்டுவதை நம்பிக் கிளம்பி, தலைகுந்தா தாண்டித் திரும்பி, கூடலூர் வழியாக மூன்று மணி நேரம் சுற்றுவீர்கள். மைசூரு, பந்திப்பூர், மசினகுடி, கல்லட்டி ஏற்றம், ஊட்டி, கோத்தகிரி இறக்கம், மேட்டுப்பாளையம், சேலம், சென்னை என்று போனால் இந்தச் சிக்கலே இல்லை.

எந்தக் கிழமையில் கிளம்புவது?

சனிக்கிழமை விடிகாலை. அன்று மாலைக்குள் மைசூரு. ஞாயிறு முழுவதும் அங்கே. மைசூரு அரண்மனையின் முழு விளக்கு அலங்காரம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் மட்டும்தான், இரவு 7 மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும் அந்தக் காட்சியைத் திங்கட்கிழமை போய்ப் பார்க்க முடியாது. உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த வரிசையில் அதிலும் மாட்டமாட்டீர்கள். திங்கட்கிழமை காட்டுக்குள் நுழையும்போது வார இறுதிக் கூட்டம் ஊருக்குத் திரும்பியிருக்கும்.

சனி: சென்னை – மைசூரு. ஞாயிறு: மைசூரு. திங்கள்: பந்திப்பூர் வழியாக மசினகுடி. செவ்வாய்: காலை சஃபாரி, மதியம் ஊட்டி. புதன்: ஊட்டி, குன்னூர். வியாழன்: வீடு.

சென்னையிலிருந்து மைசூருக்கு ஒரே நாளில் குழந்தைகளோடு போக முடியுமா?

முடியும். ஆனால் காலை 4.30-க்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும். தூரம் 480 கி.மீ.க்கு மேல். ஸ்ரீபெரும்புதூரை இருட்டிலேயே தாண்டிவிட்டால் அன்றைய பாதி எரிச்சல் குறையும். வேலூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போனால் பத்து பத்தரைக்கு எலக்ட்ரானிக் சிட்டி. பெங்களூரு நகருக்குள் நுழையாதீர்கள். அங்கிருந்தே நைஸ் ரோட்டைப் பிடித்து மைசூரு ரோடு சந்திப்பில் இறங்குங்கள். அது தனிச் சுங்கச்சாலை. கொஞ்சம் சில்லறைப் பணமும் கையில் இருக்கட்டும்.

ஆம்பூரைக் காலை எட்டு மணிக்குள் தாண்டிவிடுவீர்கள். பிரியாணிக்கு அது நேரமில்லை, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. சுமார் 118 கி.மீ., கார்களுக்கு வேக வரம்பு 100. இதில் குடும்பங்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லா ஊரையும் இந்தச் சாலை சுற்றிக்கொண்டு போகிறது. பிடதி தட்டை இட்லியும் மத்தூர் வடையும் பழைய சாலையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்கோ கழிப்பறைக்கோ நிற்க வேண்டுமானால் முன்கூட்டியே முடிவுசெய்து, வெளியேறும் இடத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த வெளியேற்றம் பல கிலோமீட்டர் தள்ளித்தான். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை "அவசரம்" என்று சொல்லும்போது அது மிக நீண்ட தூரம்.

ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வாங்கலாமா?

சொந்த (வெள்ளை போர்டு) கார் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானபோது இந்த பாஸ் 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 பயணங்கள், எது முதலில் முடிகிறதோ அது. திறந்த முறைச் சுங்கச்சாவடியில் (ஓடிய தூரத்தைக் கணக்கிடாமல், கடக்கும்போதே கட்டணம் எடுக்கும் சாவடி) ஒவ்வொரு முறை கடப்பதும் ஒரு பயணம். தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டுமே செல்லும். நைஸ் ரோடு போன்றவற்றில் வழக்கம்போல ஃபாஸ்டேக் இருப்பிலிருந்தோ ரொக்கமாகவோதான். ஆண்டுக்கு இப்படி இரண்டு நீண்ட பயணமும் நடுவில் ஊருக்குப் போய்வருவதும் உண்டென்றால் லாபம்தான். இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

பாஸ் இல்லாதவர்கள் முந்தின இரவே இருப்பை நிரப்பிவிடுங்கள். சுங்கச்சாவடி வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்தால் பதிவாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் தடுப்பு முன்னால் நின்று, பின்னால் ஹாரன் சத்தம் கேட்டு, கூடுதல் கட்டணம் கட்டிவிட்டுப் போவீர்கள்.

பந்திப்பூர் இரவுத் தடை எப்படி?

குண்டல்பேட்டையிலிருந்து பந்திப்பூர், கக்கநல்லா (மாநில எல்லைச் சாவடி), தெப்பக்காடு வழியாகக் கூடலூர் போகும் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். குண்டல்பேட்டையிலிருந்து சுல்தான் பத்தேரி போகும் சாலையும் அப்படியே. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும் அனுமதி பெற்ற சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு.

ஒன்பது மணிக்கு மூடுகிறார்கள் என்பதற்காக எட்டே முக்காலுக்குப் போய் நிற்காதீர்கள். உள்ளே வேகத்தடைகள் அதிகம், மணிக்கு 30 கி.மீ.தான் போக வேண்டும், மாநில எல்லையில் இருபுறமும் சோதனை. மாலை 5 மணிக்குள் குண்டல்பேட்டையைத் தாண்டுவது நல்லது. பகல் வெளிச்சம் இருக்கும், மானும் காட்டெருமையும் சாலையோரம் மேய வரும் நேரமும் அதுதான். இருட்டிய பிறகு குண்டல்பேட்டையை அடைந்தால் அங்கேயே தங்கிவிட்டுக் காலை ஆறு மணிக்கு முதல் வண்டியாக நுழைவது உத்தமம். விலங்குகளைப் பார்க்கும் வாய்ப்பும் அப்போதுதான் கூடுதல்.

டேங்க் நிரப்புவது, கழிப்பறை, காற்றுச் சோதனை எல்லாம் குண்டல்பேட்டையிலேயே. காட்டுக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். ஓட்டல் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

காட்டுச் சாலையில் நிறுத்திப் படம் எடுக்கலாமா?

கூடாது. இறங்கினால் அபராதம் நிச்சயம். குரங்குக்கு வாழைப்பழம், மானுக்கு பிஸ்கட் கொடுப்பதும் வனச்சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய சங்கதி, ஒரு கார் பழம் எறிந்தால் அடுத்த பத்து கார்களின் கண்ணாடியைக் குரங்குகள் தட்டும். குழந்தைகள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றி, சைல்டு லாக் போட்டுவிடுங்கள்.

யானை சாலையில் நின்றால்?

குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும். ஹாரன் வேண்டாம், லைட்டை மினுக்க வேண்டாம். காதை ஆட்டிக்கொண்டு இலை மேய்கிற யானை தன் வேலையைப் பார்க்கிறது என்று பொருள். காதை அகல விரித்து அசையாமல் உங்களையே பார்த்தாலோ, வால் விறைத்து நின்றாலோ, அது உங்களுக்கான எச்சரிக்கை. நிதானமாகப் பின்னால் எடுங்கள். அதற்காகத்தான், முன்னால் நிற்கும் காரை ஒட்டி நிறுத்தக் கூடாது. பின்னால் வருபவருக்கும் ஹஸார்டு விளக்கால் தெரிவியுங்கள். குட்டி உள்ள கூட்டம் ஒன்று கடந்துவிட்டால் உடனே நகராதீர்கள். பின்தங்கிய ஒன்று புதரிலிருந்து வரும்.

சஃபாரி எங்கே, எப்படிப் பதிவு செய்வது?

பந்திப்பூரில் கர்நாடக அரசுத் தரப்பு நடத்தும் பேருந்தும் ஜீப்பும். முதுமலையில் தமிழ்நாடு வனத்துறை வண்டிகள், தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து. இரண்டுக்கும் அதிகாரப்பூர்வ இணையதளங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஏறத் தேவையில்லை, காடு ஒன்றுதான். மசினகுடியில் தங்கினால் தெப்பக்காடு காலை முதல் வண்டியைப் பிடிப்பது எளிது. தெப்பக்காடு முகாமில் காலை எட்டரை மணி வாக்கில் யானைகளுக்கு உணவு கொடுப்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த கவளத்தை யானையின் வாய்க்குள் வைப்பதைப் பார்க்கும் குழந்தை புலியை மறந்துவிடும்.

கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் சஃபாரி நிறுத்தப்படுவதுண்டு. புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை அடுத்து 2025 நவம்பரில் பந்திப்பூர், நாகரஹொளே சஃபாரிகளைக் கர்நாடக அரசு நிறுத்தியது.

மசினகுடியில் "நைட் சஃபாரி, புலி கேரண்டி" என்று ஜீப்பை நிறுத்திப் பேசுவார்கள். இரவு சஃபாரி சட்டவிரோதம். தனியார் ஜீப்புகள் காப்பகத்தின் உள்காட்டுக்குள் போக முடியாது. ஊர் ஓரச் சாலைகளைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பணம் வாங்குவார்கள்.

ஊட்டி இ-பாஸ் இன்னும் வேண்டுமா?

வேண்டும். வெளியூர் வண்டிகள் நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய எடுக்க வேண்டிய இந்த இணைய அனுமதி, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-இல் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எதுவரை, எங்கே தங்கல் என்ற விவரங்களைக் கொடுத்தால் க்யூஆர் குறியோடு வரும். கட்டணம் இல்லை. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு வரம்பும் வைத்தார்கள். ஆகவே ஏப்ரல், மே பயணத்துக்கு ஓட்டலைப் பதிவு செய்த அன்றே இதையும் எடுத்துவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: "ஊட்டிக்கு என்றைக்குப் போகிறோம்" என்ற தேதியைப் போடுவது. முதுமலையும் மசினகுடியும் நீலகிரி மாவட்டம்தான். நீங்கள் கக்கநல்லா எல்லையைத் தாண்டும் நாள், இந்தத் திட்டப்படி திங்கட்கிழமை, அதுதான் நுழைவுத் தேதி. க்யூஆர் படத்தைக் கைபேசியில் சேமித்து வையுங்கள். அங்கே போய்த் தேடினால் சிக்னல் கிடைக்காது.

அதே சாவடியில் பிளாஸ்டிக் சோதனையும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் போடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் ஐந்து லிட்டர் கேனும் போதும். ஊட்டி, குன்னூரில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

கல்லட்டி ஏற்றம் குடும்ப காருக்குத் தாங்குமா?

வண்டியைப் பொறுத்தது. மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும், குழந்தைகளை எண்ணச் சொல்லலாம். நான்கு பேர், அளவான சாமான், நல்ல கிளட்ச் என்றால் தாராளமாக ஏறும். சின்ன இன்ஜின் காரில் ஏழு பேரும் கூரையில் பெட்டியும் என்றால், வேன் என்றால், புதிதாக ஓட்டப் பழகியவர் என்றால், கூடலூர் வழியே போங்கள். நடுவட்டமும் பைக்காராவும் அந்த வழியில்தான். நேரம் கூடினாலும் கண்ணுக்கு நஷ்டமில்லை.

ஏறும்போது முதல் அல்லது இரண்டாம் கியர். வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள்; வளைவின் நடுவில் குறைக்கப் போனால் வண்டி திணறி நிற்கும், பின்னால் உருளும். நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் விடுவித்துக் கிளப்புங்கள். அரைக் கிளட்சில் பிடித்துக்கொண்டே நின்றால் ஐந்தாவது வளைவிலேயே கருகல் வாடை வரும். சூடு முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். அப்போதும் குறையாவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. சிஎன்ஜி கார் என்றால் மலையடிவாரத்தில் பெட்ரோலுக்கு மாற்றுங்கள், இழுவை கூடும்.

இறக்கத்தில் பிரேக் "போய்விட்டது" என்கிறார்களே, ஏன்?

மலையிறக்க விபத்துகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், எனவே கொஞ்சம் விரிவாக. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேடும் டிஸ்கும் சூடேறிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் பேடின் பிடிப்பு குறையும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னும் சூடானால், பிரேக் ஆயில் பழையதாக இருந்தால், அதிலுள்ள ஈரம் கொதித்துக் குமிழியாகும். அப்போது பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

ஏற எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்க வேண்டும். இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து, முழுதாக விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் டியில் விட்டுவிடாமல் எல், 2 அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை ஏறக்குறைய நிறுத்தியே விடுகின்றன, அதனால் மிச்சமும் கிடையாது. பிரேக் கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்தி 20 – 30 நிமிடம் காற்றாட விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.

மின்சார கார் வைத்திருப்பவர்கள் ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். நிறைந்த பேட்டரியில் ரீஜென் பிரேக் (வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரியில் ஏற்றுவது) வேலை செய்ய இடமிருக்காது. 80 போதும், மேட்டுப்பாளையம் வருவதற்குள் கொஞ்சம் ஏறியே இருக்கும்.

எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை விதி. நீங்கள் இறங்கும்போது நிற்க வேண்டியவர் நீங்கள்தான்.

இறங்க கோத்தகிரியா, குன்னூரா?

சீசனில் கேள்வியே இல்லை: குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் கோத்தகிரியே பரவாயில்லை, நெரிசல் குறைவு. மழைக்காலத்தில் மட்டும் யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கத்தை அடிக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை அடிக்கும், மண் சரிந்து சாலை மூடும். இதைத் தெரியாமல் "ஜூலையில் ஊட்டியில் மழை" என்று மொத்தமாகப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஜூலையில் கவனிக்க வேண்டியது கூடலூர் பாதைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்குள் போகாமல் அன்னூர் வழியாக அவிநாசி சேர்ந்து, சேலம் சாலையைப் பிடியுங்கள். அங்கிருந்து சென்னை வரை நாள் முழுக்க ஓட்டம். ஓட்டுநர் ஒருவர்தான் என்றால் சேலத்தில் தங்கிவிடுங்கள்.

குழந்தைக்கு வளைவில் வாந்தி வருகிறது. என்ன செய்யலாம்?

வயிறு காலியாகவும் வேண்டாம், நிறையவும் வேண்டாம். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு இட்லி. கைபேசியைப் பிடுங்கிவிடுங்கள், அதுதான் முதல் காரணம். முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். மாத்திரை என்றால் கிளம்பும் முன்பே, மருத்துவர் சொன்ன அளவில். புரோமெத்தசின் வகை மருந்தை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது. மலையில் காது அடைத்தால் மிட்டாய் சப்பட்டும், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். (சிப்ஸ் பாக்கெட் பலூன்போல ஊதிக்கொள்வதும் இதே காற்றழுத்தத்தால்தான். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம்.)

மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 14 வயதுக்குட்பட்டவர் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கிளம்பும் முன் காரில் எதைப் பார்ப்பது?

சர்வீஸை ஒரு வாரம் முன்பே முடியுங்கள். முந்தின நாள் செய்தால் இறுக்காத போல்ட் பாதையில்தான் தெரியும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3521 என்றால் 2021-இன் 35-ஆம் வாரத் தயாரிப்பு. ஆறு ஆண்டு தாண்டிய டயரோடு இந்தப் பயணம் வேண்டாம். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கான அளவு தனியாகப் போட்டிருக்கும், அதை வையுங்கள்.

ஸ்டெப்னியை மறக்காதவர்கள் குறைவு. பல கார்களில் அது டிக்கித் தரைக்கு அடியில், அதாவது ஆறு நாள் சாமானுக்கும் அடியில். ஜாக்கியும் ஸ்பானரும் ஒரு துணிப்பையில் பின்சீட்டுக்கு அடியில் வந்துவிடட்டும்.

பெட்ரோல் எவ்வளவு ஆகும்?

லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காருக்கு 1,300 கி.மீ.க்கு 87 லிட்டர். மலையும் ஏசியும் சேர்த்து 95 என்று வையுங்கள். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

கோவையிலிருந்து கிளம்புகிறோம். அப்போதும் மைசூருதான் முதலா?

அப்போதும். சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாக மைசூரு போங்கள். திம்பத்தில் 27 வளைவுகள். பண்ணாரி முதல் காரப்பள்ளம் வரை இங்கும் இரவு 9 முதல் காலை 6 வரை தடை. காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளுக்காக யானைகள் காத்து நிற்பது வழக்கம். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.